தறித்த குற்றி மீண்டும் துளிர்க்காதிருக்க



வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் உடுத்த உடையோடு வெளியேறியவர்களுள் பலர், கால் நூற்றாண்டுக்குப் பின்பே தமது காணியை மீண்டும் கண்டனர். 2017இல் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது போல, காணிகள் துண்டு துண்டாகவே உரியவர்களிடம் திரும்பின. உள்ளே சென்றவர்கள் தேடியது வீட்டையும் கிணற்றையும். கண்டதோ பற்றைக்காடு. தோட்டம் செய்த செம்மண்ணில் இப்பில் இப்பில் மரங்கள் வேலி போல நெருங்கி நின்றன. வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலும் அரசும் வளர்ந்திருந்தன.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நான்கு பரப்புக் காணியை ஆவணி மாதத்தில் கூலிக்கு ஆள் பிடித்துத் துப்புரவாக்கியது. நகை அடைவு வைத்த காசு அது. வாடகை வீடு தூரத்தில் இருந்தபடியால், மாரி முடிந்து தை மாதத்திலேதான் அவர்களால் திரும்பிப் போக முடிந்தது. ஒவ்வொரு குற்றியிலும் பத்துப் பதினைந்து முளைகள் வெடித்து, ஆளுயரத்துக்கு நின்றன. குடும்பத் தலைவர் கிணற்றுக் கட்டில் இருந்தபடி நம்மைப் பார்த்து, "சுவாமி, நான் மரம் தறிக்கக் கூலி குடுத்தனோ, மரம் நடக் கூலி குடுத்தனோ?" என்று கேட்டார். நம்மிடம் அப்போது பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலே இப்பாடம்.

1. கோடரி எடுக்குமுன்

காணி வெடிபொருள் அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்பட்டதா? இதை முதலில் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு அறியுங்கள். அகற்றப்படாத நிலத்தில் குற்றி கிண்டுவதும், குப்பை கொளுத்துவதும் உயிராபத்தை வருவிக்கும். "மேலே மருந்து பூசத்தானே போகிறோம், கிண்டவில்லையே" என்று உள்ளே போவதும் அதே ஆபத்துத்தான். குற்றிக்குப் பக்கத்தில் போவதற்குக் கால் நிலத்தில் படவே வேண்டும். வெடிபொருள் அகற்றிய காணியிலும் சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவது, எல்லையும் அனுமதியும். நீண்ட காலம் காடாகிக் கிடந்த காணி வனப்பகுதிக்குள் சேர்க்கப்பட்டிருக்கலாம். உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எடுத்துச் சென்று எல்லையைத் தெளிவாக்கிய பின்பே தறியுங்கள். பனை, பலா போன்றவற்றைத் தறிப்பதானால் முன் அனுமதி பெற வேண்டும்.

2. தறித்த மரம் ஏன் துளிர்க்கிறது?

மரம் உணவை இலையில் சமைக்கிறது. ஆனால் சேமித்து வைப்பது பெரும்பாலும் வேரிலும் அடிமரத்திலுமே. இச்சேமிப்பு மாப்பொருளாக இருக்கிறது. நாம் நெல்லைக் கோர்க்காலியில் சேர்ப்பது போன்றது இது. அடிமரத்தின் பட்டைக்குள் உறங்கும் அரும்புகள் ஏராளம் உண்டு. மேலே கிளைகளும் நுனிகளும் இருக்கும்வரை, அங்கிருந்து கீழிறங்கும் ஒரு வளர்ச்சிப் பதார்த்தம் இவற்றை விழிக்கவிடாது தடுத்து வைத்திருக்கும். மரத்தைத் தறித்தவுடன் அந்தத் தடை நீங்குகிறது. உறங்கிய அரும்புகள் யாவும் ஒன்றாக விழித்து, வேரிலுள்ள சேமிப்பை உண்டு எழும்புகின்றன. ஒரு தண்டு நின்ற இடத்தில் பதினைந்து தண்டு வருவதன் காரணம் இதுவே.

ஆகவே குற்றியைக் கிண்டாமலும் எரிக்காமலும் சாகடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேரிலுள்ள சேமிப்பை வற்றச் செய்தல். மற்றது, வேருக்கும் அரும்புகளுக்கும் நஞ்சைச் சேர்ப்பித்தல். கீழே சொல்லும் முளை முறித்தலும் களைநாசினி பூசுதலும் இவ்விரண்டுள் ஒவ்வொன்றைச் செய்வன.

பனையும் தென்னையும் வேறு வகை. அவற்றுக்கு ஒரே குருத்துத்தான். வளர்ந்த பனையைத் தறித்தால் அடிக்குற்றி துளிர்க்காது. அதற்கு மருந்து பூசுவது காசை மண்ணில் ஊற்றுவதாகும். வடலியின் குருத்து நிலத்துக்குக் கீழே இருப்பதால், ஓலையை மட்டும் வெட்டினால் அது திரும்ப வரும்.

3. எல்லாக் குற்றியும் எதிரி அல்ல

குற்றி துளிர்ப்பது எப்போதும் கெடுதல் அன்று. நமது முன்னோர் அந்தக் குணத்தைக் கொண்டே பிழைத்தனர். வேலியில் நின்ற பூவரசையும் கிளுவையையும் ஆண்டுதோறும் வெட்டி, குழையைத் தோட்டத்துக்குத் தாட்டனர். தடியை வேலிக்கும் விறகுக்கும் எடுத்தனர். மரம் சாகாமல் மீண்டும் தந்தது. இரசாயன உரம் விலையேறிய நாட்களில் குழை எருவின் அருமையை நாமும் மறுபடி கண்டோம்.

ஆகையால் காணியைச் சுற்றி ஒருமுறை நடந்து, மரங்களை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, வைத்திருக்க வேண்டியவை: வேலியிலுள்ள பூவரசு, நிழலுக்கு வேம்பு, பயன்மரங்கள்.

இரண்டாவது, அடக்கி வைக்க வேண்டியவை: காணியின் ஓரத்தில் நிற்கும் இப்பில் இப்பில் சில. இவற்றை இடுப்பளவில் வெட்டிக் குழைக்கும் ஆட்டுத் தீனுக்கும் பயன்படுத்தலாம். பூத்துக் காய்க்கவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதன் இலையில் மிமோசின் என்ற பதார்த்தம் இருப்பதால் ஆடு மாடுகளுக்குத் தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுக்கலாகாது.

மூன்றாவது, முற்றாக ஒழிக்க வேண்டியவை: பயிர் செய்யும் நிலத்தின் நடுவில் நிற்பவை, வீட்டுச் சுவரிலும் கிணற்றிலும் வேர் விட்டவை.

இப்படிப் பிரித்தபின், ஒழிக்க வேண்டிய குற்றிகள் நீங்கள் பயந்த அளவு இராது.

4. மருந்தின்றி ஒழிக்கும் வழிகள்

அ. வேரோடு கிண்டுதல். கையளவு பருமனான குற்றிக்கு அலவாங்கும் மண்வெட்டியும் போதும். மாரி மழை நின்று மண் ஈரமாக இருக்கும்போது வேலை சுலபம். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் வந்துவிடும் இடங்களில் பெரிய குற்றியைக் கிண்டுவது கடினம்.

ஆ. முளை முறித்தல். குற்றியில் வரும் முளைகள் இலை விரிந்து முழங்கால் உயரம் வந்ததும் அடியோடு முறித்து எறியுங்கள். முளையை எழுப்ப வேர் தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டது. புதிய இலைகள் அதைத் திரும்ப நிரப்புவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். இதை விடாது செய்தால் சேமிப்பு தேய்ந்து குற்றி சாகும். ஒரு மாரியும் ஒரு கோடையும் தேவைப்படலாம். சில மரங்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். செலவு இல்லை. ஆனால் ஆள் காணியில் இருக்க வேண்டும்.

இ. எரித்தல். காய்ந்த குற்றியின் மேல் உமியும் சிரட்டையும் குவித்துப் பல நாள் புகைய விடுவது பழைய முறை. வெடிபொருள் அற்றது என்று உறுதியான காணியில் மட்டுமே இதைச் செய்யலாம். வீட்டுக்கும் வேலிக்கும் அருகில் செய்யலாகாது.

காணியிலேயே குடியிருப்பவர்களுக்கு இவை போதும் என்பது நமது கருத்து. இடர் எங்கே வருகிறதென்றால், காலையில் பஸ் ஏறிப்போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு. மாதம் ஒருமுறை போகிறவரால் முளை முறிக்க முடியாது. முறிப்பதற்கிடையில் வேர் தன் கோர்க்காலியை நிரப்பிவிடும். இத்தகைய குடும்பங்களுக்கே குற்றியில் களைநாசினி பூசும் முறை உதவும்.

5. குற்றியில் களைநாசினி பூசுதல்

எந்த மருந்து? நஞ்சு வேருக்கு இறங்க வேண்டும். பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்தால் பயன் இல்லை. முன்பு தாராளமாகப் பாவித்த பரகுவாற் அவ்வாறான மருந்து. அதன் கொடிய நச்சுத்தன்மையினால் இலங்கையில் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. எங்காவது பழைய போத்தல் கிடைத்தாலும் தொடாதீர்கள். வேருக்கு இறங்கும் மருந்துகளுள் அதிகம் அறியப்பட்டது கிளைபோசேற். தாவரம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைச் செய்ய உதவும் ஒரு நொதியத்தை அது முடக்குகிறது.

கிளைபோசேற் பற்றி நீங்கள் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோயைப் பற்றிய அச்சத்தினால் 2015இல் அது நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022இல் இறக்குமதித் தடை நீக்கப்பட்டது. சிறுநீரக நோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அதை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் அம்முடிவை ஏற்கவில்லை. அறிஞர்களே ஒத்துப்போகாத ஒரு பொருளை நாம் பயத்தோடும் மட்டாகவும் கையாள்வதே விவேகம். விதிகள் அடிக்கடி மாறியுள்ளபடியால், வாங்குமுன் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் இன்றைய நிலையைக் கேளுங்கள். குற்றியில் பூசுவதற்கு லேபல் இடம் தராவிட்டால் பூசவேண்டாம். லேபல் இல்லாத போத்தலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

எங்கே பூசுவது? பலர் குற்றியின் நடுவில் ஊற்றுகிறார்கள். இது வீண். நடுவிலுள்ள வைரம் உயிரற்றது. உயிர் இருப்பது பட்டைக்கு உட்புறமாக உள்ள மெல்லிய வளையத்தில். பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டால் மாறிழையம், உரியம் என்று அதன் பெயரைச் சொல்வார்கள். இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை அதுவே. மருந்தும் அவ்வழியேதான் இறங்க வேண்டும்.

எப்போது பூசுவது? மாரி மழை ஓய்ந்து, மரம் முழு இலையோடு நிற்கும் தை முதல் பங்குனி வரையான காலம் நல்லது. அப்போது உணவு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். புதுத்துளிர் விடும் நாட்களில் ஓட்டம் மேல்நோக்கியே இருக்கும். கடுங்கோடையில் மரம் வாடி நிற்கும்போதும் பலன் குறைவு. நம் நண்பர் ஆவணியில் தறித்து, மாரியில் பார்க்காமல் விட்டதுதான் மரங்களுக்கு வாய்ப்பாயிற்று.

எப்படிப் பூசுவது?

(1) இரண்டு பேராக வேலை செய்யுங்கள். ஒருவர் தறிக்க, மற்றவர் பூச வேண்டும். முழுக் காணியையும் தறித்து முடித்துவிட்டுப் பின்னேரம் பூசலாம் என்று நினைத்தால் மருந்து போய்ச் சேராது. வெட்டுவாய் விரைவில் அடைத்துக்கொள்ளும். தறித்து ஐந்து நிமிடத்துக்குள் பூச வேண்டும்.

(2) நிலத்திலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில், மட்டமாகத் தறியுங்கள். சரிவாக இருந்தால் மருந்து வழிந்தோடும்.

(3) மரத்தூளையும் மண்ணையும் துடைத்துவிடுங்கள். மண் பட்டால் கிளைபோசேற் அதனோடு ஒட்டிச் செயலிழந்துவிடும்.

(4) பழைய பெயின்ற் பிரஷ் ஒன்றைத் தோய்த்து, பட்டையை ஒட்டிய வளையத்தைச் சுற்றி நனையப் பூசுங்கள். சிறிய குற்றியானால் முழு வாயிலும், பெரிய குற்றியானால் ஓரத்து இரண்டு அங்குலத்திலும் பூசினால் போதும். நனைய வேண்டுமேயன்றி வழியலாகாது. தெளிகருவி தேவையில்லை. தெளித்தால் காற்றில் பறந்து அயல் தோட்டத்துப் பயிரையும் கருக்கும்.

(5) புல்லுக்குத் தெளிக்கும் நீர்த்த கலவை குற்றிக்குப் போதாது. இலீற்றருக்கு 360 கிராம் அளவுள்ள கிளைபோசேற்றைப் பொதுவாகக் கலக்காமலோ, சமபங்கு நீர் சேர்த்தோ பூசுவது வழக்கம். லேபல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நமது கிணற்று நீர் சுண்ணாம்புக் கடின நீர். அதிலுள்ள கல்சியம் கிளைபோசேற்றைப் பிடித்து வலுவைக் குறைத்துவிடும். சேர்த்து வைத்த மழைநீரையே கலக்கப் பயன்படுத்துங்கள்.

(6) நாகம் பூசிய இரும்பு வாளியில் கலக்க வேண்டாம். மருந்து உலோகத்தோடு தாக்கமுற்று, தீப்பற்றக்கூடிய வாயு உண்டாகும். பிளாஸ்ரிக் பாத்திரம் ஒன்றை இதற்கென ஒதுக்கி, வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

(7) மழை வரக்கூடிய நாளில் பூச வேண்டாம். பூசிய குற்றிக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுங்கள். பூசியதில் வந்த இலையை ஆட்டுக்குப் போட வேண்டாம்.

(8) றபர் கையுறை, நீளக் கை உடுப்பு, சப்பாத்து அணியுங்கள். வேலை முடியுமட்டும் வெற்றிலை, பீடி, சாப்பாடு ஆகாது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஒரே இன மரங்கள் நெருங்கி நின்றால் அவற்றின் வேர்கள் ஒட்டி ஒன்றாகியிருக்கலாம். ஒரு வேம்பை ஒழிக்கப் பூசிய மருந்து, நிழலுக்கு வைத்த பக்கத்து வேம்பையும் தாக்கக்கூடும். அவ்வாறான இடத்தில் முளை முறிப்பதே சரி.

மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். சில குற்றிகள் துளிர்த்திருக்கலாம். காய்ந்துபோன பழைய வாயில் திரும்பப் பூசுவதில் பயன் இல்லை. முளைகளை முறித்துவிடுங்கள், அல்லது புதிதாக வெட்டி உடனே பூசுங்கள். மருந்து விதையைக் கொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். இப்பில் இப்பிலின் கடினமான விதைகள் மண்ணில் பல ஆண்டு காத்திருக்கும். முதல் மழைக்கு முளைக்கும் கன்றுகளைச் சாண் உயரத்திலேயே பிடுங்குங்கள். அது பிள்ளைகளாலும் செய்யக்கூடிய வேலை.

6. கிணறு நம் எல்லோருக்கும் ஒன்று

குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிய மழைநீர். ஒருவர் காணியில் சிந்தியது அந்த வெடிப்புகளின் வழியே அயலார் கிணற்றுக்குப் போகலாம். ஆகவே கிணற்றுக் கட்டிலும் அதை அண்டியும் நிற்கும் மரங்களுக்கு மருந்து வேண்டவே வேண்டாம். எவ்வளவு பாடுபட்டாலும் கிண்டியே எடுங்கள். பிரஷையும் பாத்திரத்தையும் கிணற்றடியில் கழுவாதீர்கள். கழுவிய நீரைக் கிணற்றுக்குத் தூரமான தரிசு மண்ணில் ஊற்றுங்கள்.

7. நாம் செய்த ஒரு தவறு

இம்முறையை முதலில் கிராமத்தில் காட்டிய நாளில், ஒரு போத்தல் மருந்தைப் பல குடும்பங்களுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. கையில் இருந்தவை வெற்றுச் சோடாப் போத்தல்கள். அவற்றில் ஊற்றிக் கொடுத்தோம். மறுவாரம் அங்கு போனபோது, ஒரு வீட்டில் அந்தப் போத்தல் தண்ணீர்ப் பானைக்கு அருகில் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை அதைக் கையில் எடுத்து, மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் கண்டு பறித்துவிட்டார். அன்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் போத்தலை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நாமே. அன்று மாலையே வீடு வீடாகச் சென்று எல்லாவற்றையும் திருப்பி எடுத்தோம்.

அதற்குப் பின் நமது ஒழுங்கு இது. மருந்து எப்போதும் லேபலோடு கூடிய தன் போத்தலிலேயே இருக்கும். அது எந்த வீட்டிலும் தங்காது. கமக்காரர் சங்கத்தின் பூட்டிய பெட்டியில் இருக்கும். திறப்பு இருவரிடம் இருக்கும். தேவைப்படும் குடும்பம் வேலை நாளில் எடுத்து, அன்றே மீதியைத் திருப்பித் தரும்.

இவ்வொழுங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அவ்வாறு இறந்தவர்களுள் மிகப் பலர் அருந்தியது கமத்தொழில் நஞ்சையே. மிகக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. கோபத்திலோ வேதனையிலோ உள்ள ஒருவருக்கு அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால், உயிர் தப்ப இடமுண்டு என்பதே இதன் பாடம். இழந்து, அலைந்து, கடன்பட்டு வாழும் நமது குடும்பங்களில் வேதனைக்குக் குறைவில்லை. வீட்டில் நஞ்சை வைக்காதிருப்பது ஒரு காவல். மனம் உடைந்திருப்பவரோடு இருந்து பேசுவது அதனிலும் பெரிய காவல்.

தவறி எவராவது அருந்திவிட்டால் வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். போத்தலையும் லேபலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். தோலில் பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் சுத்தமான நீரில் கால் மணித்தியாலம் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

8. முடிவாக

முன்னர் சொன்ன குடும்பம் அடுத்த ஆண்டு தை மாதத்தில் மீண்டும் தொடங்கியது. இம்முறை கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. அயலிலுள்ள நான்கு குடும்பங்கள் முறை வைத்து, ஒருவர் காணியில் மற்றவர் என வேலை செய்தன. வேலியோரத்து மரங்களைக் குழைக்கு விட்டார்கள். கிணற்றடியிலிருந்த மூன்று குற்றிகளை இரண்டு நாள் கிண்டி எடுத்தார்கள். நடுக்காணியிலிருந்தவற்றுக்கு மட்டும் மருந்து பூசினார்கள். பூசியவற்றில் சில துளிர்த்தன. அவற்றைப் போகிறபோதெல்லாம் முறித்தார்கள். அடுத்த மாரிக்கு முன் இரண்டு பரப்பில் மரவள்ளி ஊன்றப்பட்டது. மிகுதி இரண்டு பரப்பும் இன்னும் பற்றைதான். அவர் இப்போது கூலிக் கணக்குக் கேட்பதில்லை. "அடுத்த தைக்கு எத்தனை குற்றி" என்றே கேட்கிறார்.

கூடிப் பேசுவதற்கான வினாக்கள்

1. உங்கள் காணியிலுள்ள மரங்களை வைத்திருப்பவை, அடக்குபவை, ஒழிப்பவை எனப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எவை வரும்?

2. உங்களுள் காணியில் குடியிருப்பவர் யார், வந்து போகிறவர் யார்? குடியிருப்பவர் அயலாரின் முளைகளையும் முறித்து உதவ முடியுமா? அதற்குக் கைம்மாறாக என்ன செய்யலாம்?

3. உங்கள் வீட்டில் இப்போது எந்த மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு எட்டுமா?

4. உங்கள் சங்கத்தில் பூட்டிய பெட்டி வைக்க இடம் எது? திறப்பை எந்த இருவர் வைத்திருப்பர்?